ஆறு போனது, கிட்னியும் போனது!

ஒரு ஆற்றைத் திருடிவிட்டால் என்ன ஆகும்? பயிர் வாடும், கிணறு வற்றும், ஊர் காலியாகும். இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். கூடவே, ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி வந்து, கிட்னியும் பழுதாகும் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் நடந்தது!

அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில் ஓடிய ஆறு கிலா. அதன் கரையில் வாழ்ந்தவர்கள் பீமா செவ்விந்தியர்கள். தங்கள் மொழியில் அவர்கள் வைத்துக்கொண்ட பெயருக்கு 'ஆற்று மக்கள்' என்று அர்த்தம். வாய்க்கால் வெட்டி மக்காச்சோளம், பீன்ஸ், கோதுமை என்று விளைத்துத் தள்ளினார்கள். 1849-ல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடி ஓடிய கூட்டம் பாலைவனத்தில் பசியோடு வந்து நின்றபோது, தானியம் கொடுத்துக் காப்பாற்றியது இவர்கள்தான்.

நன்றிக்கடன் எப்படித் தீர்ந்தது தெரியுமா? ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் தண்ணீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1890-களில் பீமாக்களின் வாய்க்காலில் மணல்தான் மிச்சம். அவர்களுக்காக என்று சொல்லி 1920-களில் ஒரு அணை கட்டினார்கள். 1930-ல் திறப்பு விழா. ஏரியில் தண்ணீருக்குப் பதில் புல்! 'என் ஏரியாக இருந்தால் புல்லை வெட்டியிருப்பேன்' என்று விழாவிலேயே கிண்டலடித்தார் நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ்.

வயல் போனதும் தட்டு மாறியது. அரசாங்க உதவியாக வந்த மைதா, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை. வெயிலில் குனிந்து நிமிர்ந்த உடம்புக்கு வேலையும் இல்லை. 1940-ல் பிரபல டாக்டர் எலியட் ஜாஸ்லின் எழுதிய கணக்கில் பீமா சர்க்கரை நோயாளிகள் வெறும் 21 பேர். 1963-ல் மூட்டுவாதம் பற்றி ஆராயப் போன டாக்டர்கள் ஆடிப்போனார்கள். எங்கே பார்த்தாலும் சர்க்கரை! 1971-ல் வெளியான கணக்குப்படி, 35 வயது தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு.

கிட்னி எங்கே வந்தது? ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் குட்டி வடிகட்டிகள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அவை அளவுக்கு மீறி உழைக்கும். பிறகு ஓட்டை விழும், சிறுநீரில் புரதம் கசியும், கடைசியில் வடிகட்டியே தழும்பாகிவிடும். வருஷக்கணக்கில் வலியே இருக்காது. தெரியவரும்போது டயாலிசிஸ். பீமாக்களின் கிட்னி செயலிழப்புக்குக் காரணம், அநேகமாக எல்லாமே சர்க்கரைதான்.

'அவங்க ரத்தமே அப்படி' என்றார்கள் பலர். சரி, எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ மலையில் இவர்களுடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே? கழனியில் உழைத்து, பீன்ஸும் மக்காச்சோளமும் சாப்பிட்டு வாழ்ந்தவர்கள். 2006-ல் ஒப்பிட்டுப் பார்த்த முடிவு வெளியானது. மெக்சிகோ பீமாக்களில் சர்க்கரை சுமார் 7 சதவிகிதம். அரிசோனாவில் 38!

2004-ல் அமெரிக்கச் சட்டம் ஒன்று, ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர் அடி தண்ணீரை ஆற்று மக்களுக்கு உறுதி செய்தது. நல்ல சேதி இன்னொன்றும் உண்டு. ஊர் ஊராகச் சிறுநீரில் புரதம் பார்த்து, ரத்த அழுத்தத்தை அடக்கி, சீக்கிரமே மருந்து கொடுத்ததில், 1996-லிருந்து 2013-க்குள் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் சர்க்கரையால் வரும் கிட்னி செயலிழப்பு 54 சதவிகிதம் குறைந்தது.

'எங்க பரம்பரையே சுகர் சார்' என்று யாராவது உங்களிடம் பெருமூச்சு விட்டால், இந்த ஆற்றின் கதையைச் சொல்லுங்கள். கையோடு யூரின் டெஸ்ட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.