சூளையில் வைத்த இடம்

ஜப்பானின் ஒகயாமா மாநிலத்தில், இம்பே என்னும் ஊரைச் சுற்றி வனையப்படும் பிசென் மண்கலங்களுக்குப் பளபளப்புப் பூச்சு கிடையாது. ஆயினும் ஒரு கலம்போல் மற்றொன்று அமைவதில்லை. அதை நெருப்பின் விளையாட்டு என்கிறோம். நாம் கவனிக்க வேண்டியது நெருப்பு மூட்டுவதற்கு முந்தைய நாட்களை.

பைன் விறகைப் பிளந்து உலர்த்திய பின், கலங்களைச் சூளைக்குள் அடுக்குகிறார்கள். தீயை ஒட்டி நிற்பவற்றின்மேல் பறக்கும் சாம்பல் படிந்து உருகும். சாம்பலில் புதைந்தவை காற்றுக் குறைவால் கருநீலச் சாயல் கொள்ளும். கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையில் வைத்த வைக்கோல், மண்ணின் இரும்போடு வினைபுரிந்து செந்நிறக் கீற்றுகளை விட்டுச்செல்லும். காப்புக்காக வைத்ததே பின்னாளில் 'ஹிதாசுகி' என்னும் அணியாயிற்று.

எடோ காலத்தில் (1603–1868) 50 மீட்டருக்கு மேல் நீண்ட பொதுச்சூளையில் பல குடும்பங்கள் சேர்ந்து சுட்டன. மலிவான பீங்கான் பரவியபோது பிசென் நலிந்தது. மெய்ஜி காலத்தில் வடிகால் குழாய்களும் செய்து பிழைத்தது. 1930களில் கனெஷிகே தோயோ (1896–1967) சிற்றுருவங்கள் செய்வதை விட்டு, 16ஆம் நூற்றாண்டுத் தேநீர்க்கலங்களின் மண்ணையும் சுடும் முறையையும் மீட்கத் தலைப்பட்டார். 1956இல் ஜப்பானிய அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' எனச் சிறப்பித்தது.

ஒரு மரபு நலியும்போது கலத்தின் வடிவம் அருங்காட்சியகத்தில் எஞ்சிவிடும். அது சூளையில் எங்கே, எதன்மேல் சாய்ந்து நின்றது என்ற அறிவோ அடுக்கிய கைகளோடு போய்விடும். பழங்கலத்தின் உடலில் உள்ள சாம்பல் தடமும் வைக்கோல் கீற்றுமே அதற்கு எஞ்சும் சான்று. அவற்றை அழகு என்று மட்டும் காண்போமாயின் பாதியைத்தான் வாசித்திருப்போம்.