தேடினால் முதலில் வருவது எது?



கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரமாயிரம் பக்கங்கள் வருகின்றன. எது முதலில் நிற்பது? இதற்கும் ஒரு வரலாறு உண்டு, கேளுங்கள்.

1990களின் நடுவில் இருந்த தேடுபொறிகள், ஒரு பக்கத்துக்குள் என்னென்ன சொற்கள், எத்தனை தடவை வருகின்றன என்றே பெரும்பாலும் பார்த்தன. சிலர் சும்மா இருப்பார்களா? ஒரே சொல்லை நூறு தடவை எழுதி முன்னுக்கு வரப் பார்த்தார்கள்!

1996-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரினும் வேறு வழி கண்டார்கள். தன் புகழைத் தானே பாடுவதைவிட, ஊரார் சொல்வதற்குத்தானே மதிப்பு? ஒரு பக்கத்துக்கு எத்தனை நல்ல பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்று கணக்கிட்டார்கள். 1998-இல் கூகிள் நிறுவனம் பிறந்தது.

அன்று தமிழின் கதி என்ன தெரியுமா? ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் தேடினால் கிடைக்காது. யூனிகோடு பரவிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 7.1.1942-இல் ஜப்பானிய டாங்கிகள் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் தரப்புப் படையை உடைத்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். இங்கே பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டி கதையை யார் எழுதுவது? எழுதாததை எந்தப் பொறியும் தேடித் தராது!

ஆகவே எழுதுங்கள். தலைப்பில் ஊர்ப்பெயரும் ஆண்டும் இருக்கட்டும். படமாக மட்டும் போடாமல், எழுத்தாகத் தட்டுங்கள். மற்றப் பள்ளிகளும் சுட்டிக்காட்டும்படி உண்மையை எழுதுங்கள். குறுக்குவழி வேண்டாம், காசுக்கு வாங்கிய இணைப்புகளை 2012-இல் கூகிள் பின்னுக்குத் தள்ளிவிட்டது. உழைத்து எழுதியதே நிலைக்கும்.