அறியாமல் மறையும் ஒளி

அப்பாசியர் காலப் பக்தாதிலும் மம்லூக்கியர் காலக் கெய்ரோவிலும் கண் மருத்துவரைக் 'கஹ்ஹால்' என்றழைத்தனர். சுருமாவைக் குறிக்கும் 'குஹ்ல்' என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பக்தாதின் அலீ இப்னு ஈஸா இயற்றிய கண் மருத்துவக் கையேடு பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிற்று. 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் ஷம்ஸுத்தீன் 'கண்மணியின் தலைவலி' என்றொரு நோயைக் குறிப்பிட்டார். கண்ணில் நோவும் ஒற்றைத் தலைவலியும் தோன்றும், கண்மணி விரியும், நாட்பட்டால் விழி இறுகிப் பார்வை அற்றுப்போகும் என்றார் அவர். கிளாகோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயின் கடுமையான வகையை இவ்விவரிப்பில் நாம் இனங்காணலாம்.

நோவு தருவதையே முன்னோர் காண முடிந்தது. நோவற்ற வகை அவர்களுக்குப் புலப்படவில்லை. விழியினுள் ஊறும் நீர் வடிவது தடைபட்டால் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு சிதைகிறது. முதலில் ஓரப்பார்வை குறைகிறது; நடுப்பார்வை நெடுநாள் நிலைப்பதால் நோயாளி தம் இழப்பை உணர்வதில்லை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை அமைத்த பின்னரே, உயிருள்ள கண்ணில் அந்நரம்பின் சிதைவைக் காண இயன்றது.

இந்நோயின் வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1819இல் தோன்றிய சென்னை அரசு கண் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட், 1909இல் வெண்விழியும் கருவிழியும் கூடுமிடத்தில் நுண்துளையிட்டு நீரை வடிக்கும் அறுவை முறையைக் கையாண்டார். அது உலகெங்கும் அவர் பெயராலேயே அறியப்பட்டது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அவர் முன் நின்ற பெரும்பகை கண்புரை. புரையை நீக்கினால் பார்வை மீளும். நீர் அழுத்த நோயில் போனது மீளாது. ஆகவே அதனைத் தேடிச் சென்று கண்டறிய வேண்டியிருந்தது. 1990களில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டச் சிற்றூர்களில், 40 வயது கடந்த 5,150 பேரின் கண்களை அரவிந்த் மருத்துவர்கள் ஆய்ந்தனர். 2003இல் வெளிவந்த முடிவின்படி நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. ஓசையின்றி வளரும் திறந்தகோண வகையினருள் 93 விழுக்காட்டினருக்கு அதற்குமுன் நோய் கண்டறியப்படவே இல்லை. நோயுற்றோரில் ஐவருள் ஒருவர் அதனால் ஒரு கண்ணையேனும் இழந்திருந்தார்.

மருந்தும் கருவியும் இல்லாத காலம் அன்று இது. நீரை வடிக்கக் கண்ணுள் பொருத்தும் சாதனத்தை மதுரை அரோலேப் 2013 முதல் குறைந்த விலையில் தருகிறது. சொட்டு மருந்தும் லேசரும் அறுவையும் எஞ்சிய பார்வையைக் காக்கும், இழந்ததை மீட்கா. எனவே 40 வயதைக் கடந்தோரும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இந்நோய் இருப்போரும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் பயன்படுத்துவோரும் கண் அழுத்தத்தை மட்டுமன்றிப் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். அழுத்தம் இயல்பாயிருந்தும் நரம்பு சிதைவதுண்டு. கண்ணாடிக் கடையில் எழுத்துகளை வாசித்துக் காட்டுவது இதற்குப் போதாது.

கெய்ரோவின் கஹ்ஹால் நோவால் துடித்து வந்தவரைக் கண்டார். நாமோ, நோவு வருமுன்னரே மருத்துவரிடம் செல்லும் வாய்ப்பைப் பெற்றுள்ளோம்.