எக்கோ பட்டனுக்குப் பின்னால் ஒரு ரேடியோ மெக்கானிக்

லேப்டாப்ல டிஜே பண்றவங்க எக்கோ ப்ளகினை ஒரு தட்டு தட்டுவாங்க. குரல் தேய்ஞ்சு மறையும், அடுத்த பாட்டு உள்ளே வரும். இந்த வித்தை எங்கிருந்து வந்துச்சு?

1970களின் தொடக்கம், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்த்தவர் கிங் டப்பி. அவர்கிட்ட இருந்தது நாலு டிராக் மிக்சர். பதிவான பாட்டில் குரலை நிறுத்துவார், டிரம்ஸை டேப் எக்கோவுக்குள் அனுப்புவார், ஃபில்டரைத் திருகுவார். எல்லாமே பாட்டு ஓடும்போதே, கையால். அதுதான் ‘டப்’.

1989இல் அவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்னுட்டாங்க. 1996இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் விஎஸ்டி கொண்டுவந்துச்சு. எஃபெக்ட் பெட்டிகள் மென்பொருளா மாறின.

பெட்டி ப்ளகினாச்சு, சரி. எதை எப்போ நிறுத்தணும்ங்கிற காது? அதை டப்பியோட பதிவுகளைக் கேட்டுத்தான் கத்துக்கணும்.