மூன்று வருடம், ஐந்து வாரம், ஐந்து நாள்

டென்வரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஷிஃப்ட் 12 மணி நேரம். என்னோடு அதே ஷிஃப்டில் இருக்கும் நண்பர் எலக்ட்ரீஷியன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வருடத்துக்கு அவருக்குச் சம்பளத்தோடு பத்து நாள் விடுப்பு. அதில் ஐந்தை ஜனவரியிலேயே காலண்டரில் வட்டம் போட்டுவிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் வருகை, பல்வலி எல்லாம் மிச்சம் ஐந்துக்குள் அடங்கியாக வேண்டும்.

"எதுக்கு அந்த அஞ்சு நாள்?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"எல்க்" என்றார். அவ்வளவுதான்.

எல்க் என்பது மான். நம்மூர் கடமானைப் பார்த்தவர்கள் அதைவிடச் சற்றுப் பெரிதாக, பின்புறம் வெளிறிய ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ். வந்தேறிகள் ஊர்ப்பெயரைக் கொண்டுவந்து வேறொரு மிருகத்துக்கு வைத்துவிட்டார்கள். ஷானி பழங்குடிகளின் சொல் வாப்பிட்டி. வெள்ளைப் பிட்டம் என்று பொருள். பார்த்த மாத்திரத்தில் சரியான பெயர் அதுதான் என்று தெரியும்.

1972 சட்டத்துக்குப் பிறகு பிறந்த இந்தியனுக்கு வேட்டை என்றால் ஒன்று ராஜா கதை, இல்லையென்றால் வழக்கு. ஒரு தொழிலாளி லாட்டரிக்கு விண்ணப்பம் போடுவதுபோல் போட்டு, லீவு எழுதிக்கொடுத்து, சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் மான் வேட்டைக்குப் போகிறார் என்பது எனக்குப் பிடிபடவே கொஞ்ச காலம் ஆனது. பிடிபட்ட பிறகு, இது எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

*

முதலில் கணக்கு. கொலராடோவில் துப்பாக்கி சீசன் நான்கு. முதலாவது அக்டோபர் நடுவில், ஐந்து நாள். அதற்கு மூன்று நாள் லீவு போதும். முன்கூட்டி இடம் பார்க்கப் போனால் ஐந்து. இரண்டாவது சீசன் அக்டோபர் கடைசியில், அண்மைக் காலங்களில் ஒன்பது நாள். இரண்டு வார இறுதி உள்ளே வருவதால் வேலைக்காரர்கள் கூட்டம் அதில்தான். நவம்பரில் இன்னும் இரண்டு. அப்போது பனி விழுந்து மந்தை கீழே இறங்கும். மனிதனுக்குக் குளிர் அதிகம், மலையேற்றம் குறைவு.

முதல் சீசனுக்குச் சீட்டு குலுக்கலில்தான். ஏப்ரல் தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விழாவிட்டால் ஒரு முன்னுரிமைப் புள்ளி கிடைக்கும், அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். நண்பரின் சிக்கல் இங்கேதான். சீட்டு விழுந்ததா என்று தெரிவதற்கு முன்பே லீவு கேட்டாக வேண்டும். சீட்டு விழுந்து லீவு கிடைக்காமல் போன வருடம் உண்டு. லீவு கிடைத்து சீட்டு விழாத வருடமும் உண்டு. அந்த வருடம் ஐந்து நாளும் வீட்டுக்கு வண்ணமடித்தாராம்.

இவ்வளவுக்குப் பிறகும், கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

*

டென்வரிலிருந்து மேற்கே நெடுஞ்சாலையில் போனால், ஐசன்ஹோவர் சுரங்கத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் பல்வரிசை மாதிரி ஒரு மலைத்தொடர் வரும். கோர் மலைத்தொடர். அயர்லாந்தின் பிரபு சர் செயின்ட் ஜார்ஜ் கோர் பெயரில் நிற்கிறது. 1854இல் வேட்டைக்கு வந்தவர் 1857 வரை, மூன்று வருடம், இந்தப் பக்கங்களில் சுற்றினார். வழிகாட்டி புகழ்பெற்ற ஜிம் பிரிட்ஜர். கோரின் கணக்காகச் சொல்லப்படுவது 2,000 காட்டெருமை, எல்க்கும் மானுமாக 1,600, கரடி 105. எண்களில் மிகை இருக்கலாம். ஆனால் கேட்ட பழங்குடிகளும் அமெரிக்க அதிகாரிகளும் அப்போதே கொதித்தார்கள் என்பதில் மிகை இல்லை.

இங்கிலாந்தில் மான் அரசனுடையது. வில்லியம் 11ஆம் நூற்றாண்டில் காட்டுச்சட்டம் கொண்டுவந்ததிலிருந்து, மான் யாருக்கு என்பது நிலம் யாருக்கு என்பதோடு பின்னிக்கிடந்தது. அமெரிக்கா அந்தக் கயிற்றை அறுத்தது. 1842இல் நியூ ஜெர்சி சிப்பிப்படுகை வழக்கொன்றில், அரசனிடம் இருந்த நீரடி நிலம் மக்களின் பொதுச்சொத்தாக மாகாணத்தின் கைக்கு வந்துவிட்டது என்றது உச்ச நீதிமன்றம். நிலம் யாருடையதாயினும் காட்டுவிலங்கு யாருடையதும் அல்ல, எல்லோருக்காகவும் மாகாணம் காப்பது என்ற எண்ணம் இந்த வேரிலிருந்துதான் வளர்ந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. யாருடையதும் அல்ல என்றால் முதலில் சுடுகிறவனுடையது என்று ஆயிற்று. இரயில் வந்தது. சுரங்க முகாம்களுக்கு இறைச்சி வண்டி வண்டியாகப் போனது. எல்க்கின் மேல்தாடையில் இரண்டு தந்தப் பற்கள் உண்டு. அவற்றைக் கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொள்வது ஒரு கனவான் சங்கத்தின் அடையாளமானது. பல்லுக்காக மட்டும் கொன்று உடலை விட்டுப் போனார்கள். ஒரு கோடி இருந்ததாக மதிப்பிடப்படும் எல்க், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியது. சந்தைக்காக வேட்டையாடுவதன் கழுத்தை முதலில் நெரித்தது 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம். மாகாணச் சட்டத்தை மீறிக் கொன்றதை எல்லை தாண்டி விற்கக் கூடாது என்றது அது.

1913, 1914இல் யெல்லோஸ்டோனிலிருந்து 49 எல்க் எஸ்டெஸ் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று கொலராடோவில் ஏறத்தாழ 3 லட்சம். வேறெந்த மாகாணத்தையும்விட அதிகம். தப்பிப்பிழைத்த மந்தைகளும் இப்படி வேறிடங்களிலிருந்து கொண்டுவந்து விட்டவையும் சேர்ந்து பெருகிய கூட்டம் இது.

*

நண்பர் போகும் இடம் ஃபிளாட் டாப்ஸ். வைட் ரிவர் தேசியக் காட்டின் ஒரு பகுதி. பொதுநிலம் என்பதை நம் மொழியில் எப்படிச் சொல்வது? புறம்போக்கு என்றால் கேவலம் தொனிக்கிறது. காப்புக்காடு என்றால் உள்ளே போகாதே என்று கேட்கிறது. இது இரண்டும் இல்லை. யாரும் கூடாரம் அடிக்கலாம், சீட்டு இருந்தால் வேட்டையாடலாம். 1891இல் ஒதுக்கப்பட்டது, நாட்டிலேயே இரண்டாவதாக ஒதுக்கப்பட்ட காடு.

1891க்குப் பத்து வருடம் முன்புவரை இது யூட் மக்களின் வேட்டைநிலம். அவர்களை உழவர்களாக்கியே தீருவேன் என்று நின்ற அரசு முகவர் நேதன் மீக்கர், அவர்கள் குதிரை மேய்த்த புல்வெளியை உழச் சொன்னார். 1879இல் மோதல் வெடித்து மீக்கர் கொல்லப்பட்டார். 1881இல் வைட் ரிவர் யூட்டுகள் யூட்டாவுக்குத் துரத்தப்பட்டார்கள். பக்கத்து ஊரின் பெயர் இன்றும் மீக்கர். எல்லோருக்குமான நிலம் என்று சொல்லும்போது இது எனக்குத் தொண்டையில் சிக்கும். நண்பரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அந்த மீக்கர் ஊரிலிருந்துதான் 1901 ஜனவரியில் தியோடர் ரூஸ்வெல்ட், துணை அதிபர் பதவி ஏற்பதற்குச் சற்று முன், ஐந்து வாரம் மலைச்சிங்க வேட்டைக்குக் கிளம்பினார். அதே ஆண்டு அதிபரானார். 1905இல் காட்டுச் சேவைத் துறை வந்தது. கோடிக்கணக்கான ஏக்கர் பொதுநிலமாகவே நின்றது. சாமானியனுக்கு வேட்டை எட்ட வேண்டும் என்று மனதார நம்பியவர்தான். ஆனால் ஐந்து வாரம் யாரிடமும் லீவு கேட்கத் தேவையில்லாத ஒருவரின் நம்பிக்கை அது.

விலங்குக்கும் உழைப்பாளிக்கும் அடுத்தடுத்த வருடங்களில் சட்டம் வந்தது தற்செயல்தான், என்றாலும் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம்: துப்பாக்கி, தோட்டா மீதான வரி காட்டுயிர் மீட்புக்குப் போக வேண்டும். நண்பர் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் அந்த 11 சதவீதம் இன்றும் உண்டு. 1938இல் நியாயமான உழைப்புத் தரச் சட்டம்: அதன் வழியாக 40 மணி நேர வாரம் வந்தது. மான் திரும்பி வந்தது, சனிக்கிழமையும் வந்தது.

வராதது ஒன்று உண்டு. 1936இல் பிரான்சு தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. அமெரிக்காவில் அப்படியொரு கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை இல்லை. முதலாளி கொடுத்தால் உண்டு.

பென்சில்வேனியாவில் தலைமுறைகளாக மான் சீசன் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்களன்று தொடங்கியது. பள்ளிகள் பல அன்றைக்கு விடுமுறை விட்டன. லீவு கிடைக்காதவர்களுக்காக 2019இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிறு வேட்டைக்கு அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து 2025 வரை பெரும்பாலும் தடை இருந்தது. ஞாயிறு மட்டுமே ஓய்வாகக் கிடைத்தவனுக்கு அந்தத் தடை வேலியாகவே இருந்தது.

*

போன அக்டோபரில் நானும் போனேன், சுமைதூக்கியாக. ஆரஞ்சு மேலாடை, ஆரஞ்சு தொப்பி. பெண் எல்க்குக்குச் சீட்டு விழுந்திருந்தது. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே கூடாரம். அங்கே சக்கரம் வைத்த எதுவும் போகக் கூடாது. மான் ஏற்றும் கைவண்டிகூட.

இதற்கும் ஒரு கதை உண்டு. 1919இல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளம் அலுவலர், அங்கிருக்கும் டிராப்பர்ஸ் ஏரியைச் சுற்றிக் கோடை வீடுகளும் சாலையும் அமைக்க அளவெடுக்க அனுப்பப்பட்டார். பார்த்துவிட்டு, இதை இப்படியே விட்டுவிடுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். விட்டுவிட்டார்கள். 1964இன் வனாந்தரச் சட்டத்துக்கு விதைகளில் ஒன்று அந்த யோசனை. 1975இல் ஃபிளாட் டாப்ஸும் அதன்கீழ் வந்தது.

நான்கு நாள் எச்சமும் குளம்படியும் மட்டும். ஐந்தாம் நாள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தோம். மதியம் மூன்று மணி இருக்கும். எதிர்ச்சரிவில் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவிலிருந்து எட்டு எல்க் வெளியே வந்தன. நண்பர் படுத்துத் துப்பாக்கியைப் பையின்மேல் வைத்தார். இருநூறு கஜம்கூட இல்லை. முன்னால் நின்றது பெண். பக்கவாட்டாக, அசையாமல்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். சத்தம் வரவில்லை.

அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தோலுரித்துத் துண்டுபோட மூன்று மணி நேரம். இறைச்சி 90 கிலோ வரும். இரண்டு பேர், இரண்டு நடை. இறங்க மூன்று, ஏற மூன்று, திரும்ப இறங்கும்போது விடியற்காலை மூன்று. டென்வர் நான்கு மணி நேரம். மறுநாள் காலை ஆறுக்கு ஷிஃப்ட். உண்ணத்தக்க இறைச்சியை மலையில் விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். அவருக்கு அது குற்றத்தைவிட மோசம். ஷிஃப்டுக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று போன வருடமே எழுத்தில் கொடுத்திருந்தார்கள்.

துப்பாக்கியைக் கீழே வைத்தார். எல்க் எட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டைத் தாண்டிப் போயின. கடைசியாகத் தெரிந்தது அந்த வெள்ளைப் பின்புறம்தான்.

திரும்பும்போது கோர் மலைத்தொடரை இருட்டில் கடந்தோம். "மூணு வருஷம்" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, சிரித்தார். "அடுத்த தடவை ரெண்டாவது சீசனுக்குப் போடலாம். ஒன்பது நாள். கூட்டமா இருக்கும், பரவாயில்ல."

காலை 5.50க்கு இருவரும் அடையாள அட்டையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனோம். இந்த ஜனவரியில் அவர் காலண்டரில் வட்டம் அக்டோபர் கடைசி வாரத்தில் இருக்கிறது. என் காலண்டரிலும்.