கண்காணியும் கங்காணியும்

'உலு' என்னும் மலாய்ச் சொல் ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும். சிலாங்கூரின் வடபால் உள்ள உலு யாம் அச்சொல்லைத் தாங்கிய ஊர்களுள் ஒன்று. அவ்வட்டாரத்திலும், மேற்கே கோல சிலாங்கூர்ப் பகுதியிலும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், ஆள் வேண்டுமென்றால் தோட்டத்துரைமார் நாடியது பெரும்பாலும் கங்காணியையே.

சொல் பழமையானது. கோயிற் பணிகளை மேற்பார்வையிட்டவரைச் சோழர் கல்வெட்டுகள் 'கண்காணி' எனக் குறிக்கின்றன. அதுவே பேச்சு வழக்கில் கங்காணி என மருவிற்று. சொல்லுடன் பொறுப்பும் கடல் கடந்தது.

அப்பொறுப்பு எத்தகையது? தோட்டத்தில் வேலை செய்துவந்த ஒருவர் அனுமதிச் சீட்டுப் பெற்றுத் தம் சொந்த ஊருக்குச் செல்வார். உறவினரையும் அயலாரையும் கண்டு, தோட்டத்து வேலையை எடுத்துரைத்துச் சிலரைத் திரட்டுவார். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தபின், புறப்படுவோரை ஊர் முனிசீப்பின் முன் நிறுத்தித் தடையில்லை என்று ஒப்பம் பெறுதலும் வேண்டியதாயிற்று. பின்னர் நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ முகாம், அடுத்துக் கப்பல், பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ நோய்த்தடுப்புக் காவல், இறுதியில் தோட்டத்து லயம். குறுகிய காலத்தில் முடியும் பணியே எனினும், வழியெல்லாம் அச்சிறு குழுவுக்குத் தாயும் தந்தையும் அவரே. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், ஊரை எண்ணி ஒருவர் கலங்கினாலும், அவர்தாம் விடை சொல்லவேண்டும். அவர் வாக்கை நம்பியன்றோ அவர்கள் புறப்பட்டார்கள்!

தொடக்கத்தில் வழிச்செலவு தொழிலாளியின் கடனாக எழுதப்பெற்றது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்தில் கப்பற் செலவு கொடுக்கப்பட்டது. கடனின்றி வந்தவர் ஒரு மாத முன்னறிவிப்புடன் வேலையை விட்டு நீங்கவும் இயலும் என்பது சட்டம். கடன் என்னும் கயிறு தளர்ந்தபின், குழுவைக் கட்டிவைக்கக் கங்காணிக்கு எஞ்சியது உறவும் நம்பிக்கையுமே.

ஆயினும் மற்றொரு கயிறு இருந்தது. அது கங்காணியையே கட்டியது. அதன் பெயர் 'தலைக்காசு'. தம் ஆட்களுள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் சில காசுகள் கங்காணிக்குக் கிடைத்தன. ஒருவர் நோயுற்று லயத்தில் படுத்தால் அன்று அவர் வரும்படி குறைந்தது. விடியலில் பெரட்டுக்கு ஆள் வராதபோது அவர் உள்ளத்தில் முதலில் எழுந்தது நோயாளியைப் பற்றிய கவலையா, இழந்த காசைப் பற்றிய கவலையா? நல்ல உள்ளம் படைத்தவரும் இக்கேள்வியை நாள்தோறும் சந்திக்குமாறு அம்முறை அமைந்திருந்தது. ஊரார்க்கு உறவினர், துரைக்கு ஆள் என இருதிசைக்கும் அவர் முகம் காட்டவேண்டியிருந்தது.

மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், 1937இல் வெளியான தம் அறிக்கையில், கங்காணி வழி ஆள் சேர்க்கும் முறையை நிறுத்தப் பரிந்துரைத்தார். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளரின் குடிபெயர்வையே தடைசெய்தது.

தலைவர் கெட்டவராதலால் மட்டுமே குழு துன்புறுவதில்லை. தலைக்குக் காசு பெறுபவர் கண்ணில், நாளடைவில் தலைகளின் எண்ணிக்கையே மிகுதியாகப் படும். இன்றும் மேலிடத்துக்கும் தம் குழுவுக்கும் இடையே நிற்போர் பலர். அன்னார்க்கு இவ்வரலாறு பழங்கதையன்று. வகுப்பில் 'கண்காணி' என்னும் சொல்லை விளக்கும் ஆசிரியர், யாருக்காகக் காணும் கண் அது என்பதையும் மாணவரிடம் கேட்பாராக.