பார்வை வாத்துகள்

தன் இனத்தை வலைக்கு ஈர்க்க வேடர் பழக்கிய விலங்கையும் பறவையையும் ‘பார்வை’ என்பது நம் பழந்தமிழ் வழக்கு. அமெரிக்க வேட்டைக்காரர்களோ மரத்தில் வாத்தைச் செதுக்கி நீரில் மிதக்கவிட்டனர் (1924இல் நெவாடாவின் லவ்லாக் குகையில் கிடைத்த கோரைப்புல் வாத்துகளின் வயது ஏறத்தாழ 2,000 ஆண்டு, உத்தி பழங்குடியினருடையது). உறவென்று நம்பி இறங்கியவை சுடப்பட்டு நகரச் சந்தைக்குப் போயின.

1918ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விற்பனையைத் தடுத்தது. ஜோயல் பார்பர் என்னும் கட்டடக்கலைஞர் மரவாத்துகளைத் தேடிச் சேர்த்து 1934இல் நூல் எழுதினார். மாசசூசெட்ஸின் எல்மர் குரோவெல் செதுக்கிய இரண்டு, 2007இல் தலா பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.

சேகரிப்போர் முதலில் நாடுவது செதுக்கியவர் பூசிய வண்ணம். வேட்டைக்காரரோ வண்ணம் மங்கியபோதெல்லாம் மறுபடி பூசியே நீரில் இறக்கினர். ஆக, நெடுநாள் உழைத்த வாத்துக்கே ஏலத்தில் மதிப்புக் குறைவு. நமக்கென்னவோ, ஈயக்குண்டு துளைத்த அந்த வாத்தின்மீதுதான் கண்.